அரை அங்குலத் துணி

துணி வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. வீடு வாங்கியபோதுகூட நாங்கள் இத்தனை நாள் எடுத்துக்கொண்டதில்லை. இதை வாசிக்கும் நண்பர்களுக்குத் தையலில் ஈடுபாடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களுக்கே அது நாற்பதைக் கடந்த பிறகு வந்த ஈடுபாடுதான். ஆனால் ஒரு பொருளை வாங்கப் போய் வேறெதையோ பேசிக்கொண்டு திரும்பிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

நாங்கள் என்பது அக்காள், தங்கை இருவர். மூத்தவள் வசிப்பது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவில். இளையவள் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி லிங்கன் நகரில். எங்களுக்கு மூத்தவர் அண்ணன் ஒருவர். திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் முப்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அவரோடுதான் இருந்தார். 2023இல் அம்மா மறைந்தபோது காரியங்கள் முடிந்து திரும்பும் எங்கள் பெட்டியில் பதினொரு சேலைகள் வந்தன. ஏழு நூல் சேலைகள், மூன்று செயற்கை இழைச் சேலைகள், ஓர் அரக்குப் பட்டு.

லிங்கனில் குவில்ட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சை வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் போர்வைக்குத்தான் குவில்ட் என்று பெயர். ஜேம்ஸ் தம்பதியர் 1997இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஏறக்குறைய 950 போர்வைகளில் தொடங்கிய சேகரிப்பு அது. 2008இல் அதற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. முதல் முறை அங்கே போனபோது எங்களுக்கு வியப்பைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. நல்ல புதுத் துணியைக் காசு கொடுத்து வாங்கி, அதைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, வெட்டியதையே மறுபடி சேர்த்துத் தைப்பது எதற்காக? எங்கள் ஊரில் பழஞ்சேலை என்பது வெட்டுவதற்கு உரியதன்று. அது தூளியாகும், நான்காக மடித்து ஓரம் ஓட்டினால் பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் படுக்கையாகும், கடைசியில் கரித்துணியாகும். கத்தரி அதன் வழியில் எங்குமே குறுக்கிடாது.

அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் போர்வைகளைப் பற்றி வாசித்த பிறகே எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கந்தலைப் போர்வையாக்கினார்கள். பலருக்கு இன்றும் பெட்வே என்பதே குடும்பப் பெயர். அது பண்ணை முதலாளியின் பெயர். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவர்களுடைய போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் அவை அமெரிக்காவின் அஞ்சல் தலைகளாயின. அவற்றுள் எங்களை நிறுத்திவைத்தது மிசோரி பெட்வே என்பவர் 1942இல் செய்த போர்வை. இறந்துபோன கணவனின் வேலை உடைகளை எடுத்து, மகளின் துணையோடு, நீளப் பட்டைகளாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார். நினைவுக்காகவும் கதகதப்புக்காகவும் செய்தது. துணியில் மங்கலும் கறையும் அப்படியே இருக்கின்றன. ஓர் உடலின் உழைப்பு முழுவதும் அதில் தேய்ந்து படிந்திருக்கிறது.

அம்மாவின் சேலைகளை வெட்டலாம் என்ற எண்ணம் எங்களில் யாருக்கு முதலில் வந்தது என்பதில் இன்றும் உடன்பாடில்லை. பேரக்குழந்தைகள் ஐந்து பேர். ஆளுக்கொரு போர்வை. அறுபது அங்குல அகலம், எழுபத்தெட்டு அங்குல நீளம். ஆறு அங்குலச் சதுரங்களாக அடுக்கினால் ஒரு போர்வைக்குக் குறுக்கே 10, நெடுக்கே 13, ஆக 130. ஐந்துக்கும் சேர்த்து 650 சதுரங்கள். தையலுக்கு நாற்புறமும் கால் அங்குலம் விடவேண்டும் என்பதால் வெட்டும்போது ஒவ்வொன்றும் ஆறரை அங்குலம்.

*

அமெரிக்கப் பெண்கள் இந்த வேலைக்குக் கத்தரியைத் தொடுவதே இல்லை என்பதைக் குவில்ட் குழுவில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டோம். அவர்கள் கையில் இருப்பது சுழல் கத்தி. பீட்சா வெட்டும் சக்கரத்தைப் போன்ற உருவம்; சவர அலகைப் போன்ற கூர்மை. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அதை அறிமுகப்படுத்தியது. உடை தைப்பவர்களுக்காக வந்த கருவியைக் குவில்ட் தைப்பவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அதன்பின் அந்தக் கலையின் வேகமே மாறிப்போயிற்று. அடியில் ஒரு ரப்பர் பாய், மேலே ஒரு கண்ணாடி அளவுகோல், நடுவில் நான்கு மடிப்புத் துணி. அழுத்தி ஓட்டினால் கோடு போட்டதுபோல் அறுந்துவிடும்.

அழுத்தி ஓட்டினால் என்பதில்தான் சிக்கல். மூத்தவளுக்கு வலது மணிக்கட்டில் கார்ப்பல் டனல் என்கிற நரம்பு நெருக்கம். அறுவை சிகிச்சை ஆன பிறகும் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் கட்டைவிரல் மரத்துவிடும். இளையவளுக்குக் கை நலமாக இருக்கிறது. ஆனால் பொறுமை குறைவு. அளவுகோல் இம்மி நகர்ந்தாலும் கவனிக்க மாட்டாள். ஒரு சதுரத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் யாருக்கும் தெரியாது. பத்துச் சதுரங்கள் வரிசையில் சேரும்போது அது அரை அங்குலத்துக்கு மேலாகிவிடும். அடுத்த வரிசையின் மூலைகள் எங்கேயும் பொருந்தா. ஆகவே இயந்திரம்.

இயந்திரங்களில் இரண்டு குலங்கள் உண்டு. முதல் குலம் கணினி சொற்படி வெட்டுவது. 2017இல் வந்த கிரிக்கட் மேக்கர் போன்றவை இந்த வகை. ஒட்டும் தன்மையுள்ள பாயில் துணியைப் பதித்து உள்ளே செலுத்தினால், ஒரு குட்டிச் சுழல் கத்தி தானே ஊர்ந்து வெட்டித் தருகிறது. ப்ரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட்டில் ஒரு படியெடுப்பானும் உண்டு. துணியில் இருக்கும் பூவையோ மயிலையோ திரையில் பார்த்து, அதைச் சுற்றி வெட்டச் சொல்லலாம். அம்மாவின் நெகமம் சேலை ஒன்றின் கரையை நினைத்து எங்களுக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் இவ்வகையில் ஒரு நேரத்தில் ஒரே அடுக்குத் துணிதான். இருபத்துநான்கு அங்குலப் பாயில் ஆறரை அங்குலச் சதுரம் மூன்றுதான் அடங்கும். 650 சதுரங்களுக்கு 217 முறை பாயில் ஒட்டி உரிக்கவேண்டும். முப்பது வருடம் துவைத்து நைந்த நூல் சேலையை ஒட்டும் பாயிலிருந்து 217 முறை உரிப்பதை நினைத்தபோது காயத்தின் கட்டைப் பிரிப்பதுபோல் இருந்தது. பூவேலைக்கும் ஒட்டுவேலைக்கும் அது அருமையான கருவி. எங்கள் வேலைக்கு அன்று.

இரண்டாவது குலம் உருளை இயந்திரம். ஒமாஹாவிலேயே இருக்கும் அக்யுக்வில்ட் நிறுவனத்தின் கோ வரிசையும், சிஸிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட்டும் இந்த வகை. கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. டை என்கிற வெட்டச்சுப் பலகையில் எஃகு அலகு சதுர வடிவில் பதிந்திருக்கும்; சுற்றிலும் நுரைமெத்தை. அதன்மேல் துணி, துணியின்மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு. மூன்றையும் சேர்த்து உருளைகளுக்கிடையே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மறுபுறம் அச்சுப் பிசகாத சதுரங்கள் விழும். பருத்தியென்றால் ஆறு மடிப்பு வரை வெட்டும். முக்கோண அச்சில் தையலுக்கு இடைஞ்சலாகும் கூர்முனைகளைக்கூடச் சீவித் தந்துவிடும். கைப்பிடி சுற்ற மணிக்கட்டு வேண்டாம், தோள் போதும். மின்சாரத்தில் ஓடுவதும் இருக்கிறது. குறை என்று பார்த்தால், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வாங்கவேண்டும். இயந்திரத்தின் விலையைப் பார்த்து வாங்குபவர்கள் அச்சுகளின் விலையில்தான் ஏழையாகிறார்கள் என்று குழுவில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. எங்களுக்கு ஒரே அச்சு போதும்.

அண்ணனிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னோம்.

“ஆறு லேயர்தானா அம்மிணி? இங்க நாங்க நூறு லேயர் போட்டு ஒரே ஓட்டா ஓட்டுவோம்” என்று சிரித்தார். பிறகு சற்று நேரம் பேச்சே இல்லை. “வெட்டத்தான் போறீங்களா?” என்றார்.

ஆமாம் என்றோம்.

“சரி. அந்த அரக்குப் பட்டை மட்டும் வெட்டாதீங்க.”

அது அவருடைய முதல் தீபாவளி போனஸில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது. அம்மா அதை எங்கள் இருவர் திருமணத்துக்கும் உடுத்தியிருந்தார் என்பதுதான் எங்கள் நினைவில் இருந்தது. யார் எடுத்தது என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை.

*

குழுவிலிருந்த முதிய அம்மையார் ஒருவர் தம் உருளை இயந்திரத்தை ஒரு வாரம் பார்க்கக் கொடுத்தார். அம்மாவின் ரவிக்கைத் துணியொன்றை வைத்துச் சோதித்தோம். வந்த சதுரங்கள் சதுரமாக இல்லை. ஒரு பக்கம் லேசாக இழுபட்டுச் சாய்ந்திருந்தன. இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அண்ணனுக்குப் படம் அனுப்பினோம். பார்த்த மாத்திரத்தில் சொன்னார். “குறுக்கு நூல்ல உருட்டியிருக்கீங்க. குறுக்கு நூல் இழுக்குமல்ல? நேர் நூல் உருளைக்குள்ள போற மாதிரி வையுங்க. அப்புறம், கைத்தறி கொளகொளன்னு இருக்கும். அம்மா கஞ்சி போடுவாங்களே, அதைப் போடுங்க.”

அமெரிக்காவில் வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போடுவது எழுதாத விதி. அதற்கான தெளிப்பான் புட்டிகள் கடையில் வரிசையாக நிற்கின்றன. அதைத்தான் வாங்க இருந்தோம். அண்ணன் சொன்ன பிறகு பச்சரிசி வடித்த கஞ்சியை வடிகட்டி, நீர் கலந்து, ஏழு சேலைகளையும் முக்கி எடுத்தோம். லிங்கன் வீட்டின் பின்கட்டில் இரண்டு மேப்பிள் மரங்களுக்கிடையே கொடி கட்டி உலர்த்தினோம். சமவெளிக் காற்றில் அவை பாய்மரம்போல் புடைத்தன. இஸ்திரி போட்டபின் அட்டைபோல் மொடமொடத்தன.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கஞ்சி போடுமுன் துவைக்கவேண்டும். சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா என்பது வெட்டுமுன் தெரிந்தாகவேண்டும் என்பதால் துவைப்பது முறை. பல கையேடுகளும் சொல்வதுதான். நாங்களும் கைராசிக்காரர்களைப்போல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். உலர்ந்த சேலையை எடுத்து மடித்தபோதுதான், அதிலிருந்த விபூதியும் கற்பூரமும் விறகுப்புகையும் கலந்த வாசனை போய்விட்டது தெரிந்தது. அந்த ஒரு வருடமும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அறைக்குள் வந்துபோவார். எந்த இயந்திரம், எத்தனை மடிப்பு, எவ்வளவு டாலர் என்று மாதக்கணக்கில் ஆராய்ந்த எங்களுக்கு இது மட்டும் தோன்றவில்லை. வெட்டுவதைத்தான் இழப்பு என்று நினைத்து அஞ்சிக்கொண்டிருந்தோம். இழப்பு சோப்புத் தண்ணீரில் நிகழ்ந்துவிட்டது. அன்று மாலை நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

*

மறுவாரம் கணக்குப் போட உட்கார்ந்தோம். சேலையின் அகலம் நாற்பத்தாறு அங்குலம். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். சுழல் கத்தியால் ஒட்டி ஒட்டி வெட்டினால் குறுக்கே 7, நெடுக்கே 33. மொத்தம் 231 சதுரங்கள். உருளை இயந்திரத்துக்கு அது போதாது. அலகின் நாற்புறமும் துணி சற்று வெளியே நீண்டிருந்தால்தான் வெட்டு முழுமையாகும். ஆறரை அங்குலச் சதுரத்துக்கு ஏழு அங்குலத் துணி கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் குறுக்கே 6, நெடுக்கே 30, ஆக 180. ஒரு சேலையில் 51 சதுரங்கள் குறைகின்றன. அந்தத் துணியெல்லாம் அரை அங்குல நாடாவாகவும் ஓரத் துண்டாகவும் தரையில் விழும்.

புதுச் சேலையாக இருந்தால் இது ஒரு பொருட்டல்ல. ஆனால் அம்மாவின் சேலைகளில் கொசுவம் செருகிய இடம் இற்றுப்போயிருந்தது. தரையைத் தொட்ட கரை நைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தபோது ஒவ்வொன்றிலும் பாதிதான் தேறியது. இயந்திரத்தில் போட்டால் சேலைக்கு 90 வீதம் ஏழு சேலைக்கு 630 சதுரங்கள். எங்களுக்கு வேண்டியது 650.

இருபது சதுரங்கள் குறைவு. செயற்கை இழைச் சேலைகளை இதில் சேர்க்க முடியாது; நூல் துணிக்கான சூட்டில் இஸ்திரி போட்டால் உருகும். மிச்சமிருப்பது அரக்குப் பட்டு. அதன் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு சாண் எடுத்தால்கூட யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு நிச்சயமாகத் தெரியாது. இந்த வாக்கியத்தை எங்களில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். மற்றவர் மறுக்கவில்லை. சிறிது நேரம் அந்தப் பட்டு மேசையின் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தது. இருபது சதுரங்களுக்குக் கடையில் நூல் துணி வாங்கிச் சேர்த்துவிடலாம் என்பதும் தோன்றாமல் இல்லை. அப்போது அது அம்மாவின் போர்வையாக இருக்காது என்று இருவருமே பிடிவாதமாக நினைத்தோம். கணவனின் உடைகளை இணைத்த மிசோரி பெட்வேயிடம் எந்த இயந்திரமும் இருக்கவில்லை. வெட்டிய துணி எதுவும் அவருக்குக் கழிவாகியிருக்காது.

விடை எளிதாகத்தான் இருந்தது. அதைக் காண ஓர் இரவு தேவைப்பட்டது. எல்லாவற்றையும் இயந்திரம்தான் வெட்டவேண்டும் என்று யார் சொன்னது? ஐந்து சேலைகளை இயந்திரத்துக்குக் கொடுத்தால் 450. இரண்டை மட்டும் கையால், சுழல் கத்தியால், விளிம்போடு விளிம்பு ஒட்டி வெட்டினால் சேலைக்கு 115 வீதம் 230. ஆக 680. தேவைக்கு மேல் முப்பது. பட்டைத் தொடவேண்டியதில்லை.

ஒரு வழியாக இயந்திரத்தை வாங்கினோம். கையால் சுற்றும் உருளை இயந்திரம். ஆறரை அங்குலச் சதுரத்துக்கு ஒரே ஓர் அச்சு. கணினியோடு பேசும் இயந்திரங்களைவிட அது பழமையானதாகவும், கையை மட்டும் நம்பும் கத்தியைவிடப் பாதுகாப்பானதாகவும் எங்களுக்குத் தோன்றியது. நான்கு சனிக்கிழமைகளில் மூத்தவள் எழுபத்தைந்து முறை கைப்பிடியைச் சுற்றினாள். தட்தட்டென்று ஓசை வரும், ஆறு சதுரங்கள் விழும், ஓரத்து நாடாக்களைத் தனியே எடுத்து ஒரு பையில் போடுவோம். கையால் வெட்டவேண்டிய இரண்டு சேலைகள் இளையவளின் பொறுப்பு. அம்மா கடைசி வருடங்களில் அதிகம் உடுத்திய இரண்டையும் அதற்கென்று எடுத்து வைத்தோம். நான்கு மடிப்பு அல்ல, ஒவ்வொரு மடிப்பாக வெட்டினாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு மெதுவாக எதையும் செய்து நாங்கள் கண்டதில்லை.

முதல் வெட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. கை நடுங்கவில்லை. கண்ணீரும் வரவில்லை. கஞ்சியில் விறைத்த துணி அறுபடும் ஓசை, அம்மா முறத்தில் எதையோ புடைக்கும் ஓசையைப்போல் இருந்தது. அவ்வளவுதான்.

*

2025 தை மாதம் ஊருக்குப் போனபோது அண்ணன் பிள்ளைகளுக்கான இரண்டு போர்வைகளையும் அரக்குப் பட்டையும் கொண்டுபோனோம். பட்டை வாங்கி எதுவும் சொல்லாமல் அண்ணியிடம் கொடுத்தார். போர்வை ஒன்றைக் கட்டிலில் விரித்துவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். எந்தச் சேலை எது என்று விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, வேலையை விட்டும் விடாத பழைய அளவு நாடாவை எடுத்து வந்தார். மூலையிலிருந்து ஒவ்வொரு சதுரமாக அளந்தார். முப்பது வருடம் நூறு லேயர் வெட்டிய கை.

ஒரு வரிசையில் நின்றுவிட்டது.

“இது மிஷின்ல வெட்டினதல்ல” என்றார். “அரைக்கால் அங்குலம் கூடியிருக்குது. சின்ன அம்மிணி கை.”

இளையவள் தலையசைத்தாள். பிரித்துச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டோம்.

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “இருக்கட்டும், அதொண்ணுதான் அம்மா மாதிரி இருக்குது” என்றார்.